மைட்டோகாண்ட்ரியா நோய்கள்: சிஎம்இ-யில் பேச ஆள் தேவை

வணக்கம் டாக்டர்ஸ். எங்கள் ஊர் மருத்துவர் சங்கத்தின் அடுத்த சிஎம்இ-க்கு (தொடர் மருத்துவக் கல்விக் கூட்டம்) மைட்டோகாண்ட்ரியா நோய்களை, அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் பகுதி பழுதாவதால் வருபவற்றை, எடுத்திருக்கிறோம். பேசத் தோதானவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். ஜெனெட்டிக்ஸ் வகுப்பு வேண்டாம். எலக்ட்ரான் டிரான்ஸ்போர்ட் செயின் படத்தைப் போட்டாலே பாதிப் பேர் காபிக்கு எழுந்துவிடுவார்கள்.

ஓபி-யில் கைகொடுக்கிற விஷயம் வேண்டும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ-வில் வரும் 3243 ஏ-ஜி மாற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரையும் காது மந்தமும், மகனுக்கு 40 வயதுக்குள் வலிப்பும் ஸ்ட்ரோக் போன்ற தாக்கமும் என்று ஒரே வீட்டில் ஆளுக்கொரு முகம் காட்டும். ஈஎன்டி, நியூரோ, டயபெட்டாலஜி என்று அவர்கள் பிரிந்து போய்விட்டால் முழுப்படம் யாருக்குமே கிடைக்காது. வயதாக ஆக ரத்தத்தில் இந்த மாற்றத்தின் அளவு குறையும், டெஸ்ட்டுக்குச் சிறுநீர் சாம்பிள்தான் மேல் என்பதெல்லாம் பேச்சில் வரவேண்டும். இமை தொங்கி, கண் அசைவு குறைந்து வருகிற இளைஞருக்கு ஈசிஜி ஏன் (கேர்ன்ஸ்-சேயர் என்ற மைட்டோகாண்ட்ரியா நோயில் ஹார்ட் பிளாக், அதாவது இதயத்தின் மின்கடத்தலில் தடை, வரலாம்), பிஓஎல்ஜி மரபணுக் கோளாறு என்ற சந்தேகம் இருந்தால் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தை ஏன் தொடக்கூடாது என்பதும் கேஸ் வழியாகவே.

பெயர், அடையாளம் நீக்கிய எம்ஆர்ஐ, குடும்ப வரைபடம் வைத்திருப்பவர்கள் பகிர முடியுமா? மெடிக்கல் கவுன்சிலின் கிரெடிட் புள்ளிகளுக்கு எத்தனை நாள் முன்பு விண்ணப்பிக்கவேண்டும் என்பதையும் அண்மையில் நடத்தியவர்கள் சொல்லுங்கள். ஞாயிறு காலை, இரண்டு மணி நேரம். ஆன்லைனில் பேசினாலும் சரி.