மறு: மறு: நெபுலைசர், ஸ்பேசர் – வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகும் துண்டறிக்கைக்கு

வணக்கம். வீசிங் (மூச்சிரைப்பு) வரும் குழந்தைகளின் தாய்மாருக்கான துண்டறிக்கையில் நெபுலைசர், இன்ஹேலர், ஸ்பேசர் மூன்றுக்கும் என்ன தமிழ்ச்சொல் போடலாம் என்ற பேச்சுக்கு என் பதில்.

> நெபுலைசருக்கு 'ஆவியாக்கி' என்றால் எல்லாருக்கும் புரியுமே, அதையே போடலாம்.

அப்படிப் புரிவதுதான் எனக்குப் பயம். வீசிங் வந்த குழந்தைக்கு ஆவியாக்கி வையுங்கள் என்று எழுதினால், வீட்டில் வெந்நீர் கொதிக்கும், போர்வை வரும். போன மாதம் வார்டில் ஒரு பாட்டி, "இதுல தைலம் ஊத்தலையாம்மா?" என்று கேட்டார். நெபுலைசரில் சூடே கிடையாது. வேகமாக வரும் காற்று மருந்து நீரைப் பொடித்துளியாகச் சிதறடிக்கிறது. சுமார் 5 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும் துளிகள்தான் நுரையீரலுக்குள் ஆழமாகப் போகும். துளி வேறு, ஆவி வேறு.

> நெடுநல்வாடையில் 'துவலைத் தண்துளி' உண்டு; துவலை என்றால் தூறல். தூவு, தூவல், தூவானம், துவலை எல்லாம் ஒரே வேர். ஆகவே 'தூவலி' அல்லது 'துவலி'.

துவலை அருமையான சொல், ஐயா. ஆனால் தூவலை ஏற்கெனவே பேனாவுக்குக் கொடுத்துவிட்டோம். 'துவலி' என்றால் தாய்மார் காதில் 'வலி'தான் விழும். 'நுண்துளிக் கருவி' நீளம்தான், ஆனாலும் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறது.

இன்ஹேலருக்கு 'இழுப்பான்' வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கம் இழுப்பு என்றாலே நோய். இன்ஹேலர் இன்ஹேலராகவே இருக்கட்டும்.

இத்தனை மடலிலும் ஸ்பேசரை, அதாவது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் வெற்றுக்கூட்டை, யாரும் தொடவில்லை. துண்டறிக்கையே அதற்காகத்தான். இன்ஹேலரை நேரே வாயில் வைத்து அழுத்தினால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். நடுவே ஸ்பேசர் இருந்தால் மருந்து அதற்குள் நிற்கும், குழந்தை நாலைந்து மூச்சில் நிதானமாக இழுத்துக்கொள்ளும். உயிருக்கு ஆபத்தான நிலை இல்லையென்றால், நெபுலைசருக்குக் குறையாத பலன். 500 மி.லி. பிளாஸ்டிக் பாட்டிலில் துளை போட்டுச் செய்த ஸ்பேசரே நன்றாக வேலை செய்கிறது என்று தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999இல் காட்டினார்கள்.

அதனால் ஸ்பேசரை நேரே மொழிபெயர்த்து 'இடைவெளியாக்கி' என்பது பொருந்தாது. அங்கே வேலை செய்வது வெளி அல்ல, மருந்தைப் பிடித்து வைக்கும் கலம். எனக்கு 'இடைக்கலம்' பிடிக்கும். தனிமடலில் கேட்ட மூன்று செவிலியரும் 'இடைக்குழல்' என்றார்கள். கலம் என்றால் சோற்றுப் பாத்திரம் நினைவுக்கு வருகிறதாம். சரி, அவர்கள்தான் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள். படத்தில் அம்புக்குறி போட்டு 'ஸ்பேசர் என்னும் இடைக்குழல்' என்று அனுப்புகிறேன்.

கலத்தை நான் இன்னும் கைவிடவில்லை. வேறு சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.