கடாடின் ஏறிவிட்டு வந்தோம் – புதுப்பிப்பு

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் இருக்கும் பாக்ஸ்டர் ஸ்டேட் பார்க்கில் கூடாரம் போட்டுத் தங்கி கடாடின் மலை ஏறலாமா, எந்தப் பாதை நல்லது என்று போன மாதம் கேட்டிருந்தேன் இல்லையா, போய்விட்டு வந்தாயிற்று.

கடாடின் ஸ்ட்ரீம் முகாமில் இரண்டு இரவு. நைஃப் எட்ஜ் (கத்தி முனை மாதிரி குறுகலான பாறை முகடு) பக்கம் போக வேண்டாம், ஹண்ட் பாதையில் ஏறுங்கள் என்று சொன்னவர்களுக்குப் பெரிய நன்றி, ஆனால் அதுவும் லேசானது இல்லை: ஒரு வழிக்கே 5.2 மைல், ஏற்றம் 4,000 அடிக்கு மேல். அருவி தாண்டும்வரை சுகமான காட்டு நடை. அப்புறம் மரங்கள் இடுப்பளவு குறுகி, சட்டென்று காணாமல் போய், வெறும் பாறைதான். ஓரிடத்தில் பாறையில் அடித்த இரும்புக் கம்பியைப் பிடித்துத்தான் உடம்பை மேலே இழுக்க வேண்டும். கம்பி ஐஸ் மாதிரி சில்லிட்டது. மனைவி கைத்தடியை மேலே நீட்டிவிட்டு, "கீழே பார்க்காதீங்க, என்னைப் பாருங்க" என்றாள். பயம் அங்கேயே போய்விட்டது.

போகிறவர்களுக்கு: பூங்காவில் குழாய்த் தண்ணீர், மின்சாரம் எதுவும் கிடையாது. ஓடைத் தண்ணீரை வடிகட்டியோ கொதிக்கவைத்தோ குடியுங்கள். குப்பையைத் திரும்ப எடுத்து வரவேண்டும், நாய்க்கு அனுமதி இல்லை. முன்னாள் ஆளுநர் பெர்சிவல் பாக்ஸ்டர் 1931 முதல் நிலம் வாங்கிக் கொடுத்ததே காடு காடாகவே இருக்கட்டும் என்றுதான்.

உச்சியில், தெற்கே ஜார்ஜியா மாநிலத்திலிருந்தே நடந்து வந்த ஒரு பையன், அங்கிருந்து இங்கே வரை நீளும் அப்பலாச்சியன் நடைபாதை முடியும் இடத்தில் இருக்கும் மரப்பலகையைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தான். நாங்களும் அழுதோம்.