டிஷ்வாஷர் வாங்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கும்பகோணத்திலிருந்து:
அம்மாவுக்கு முழங்கால் வலி. கொல்லையில் உட்கார்ந்து பத்துப் பாத்திரம் தேய்க்க முடியவில்லை. அதனால் தை மாதம் டிஷ்வாஷர் வாங்கினோம். கடையில் எத்தனை செட் (ஒரு செட் என்பது ஒருவர் சாப்பிடும் பாத்திரங்கள்), என்ன விலை என்றே பேச்சு ஓடியது. வீட்டில் என்ன தண்ணீர் என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. எங்களுடையது போர் தண்ணீர். பக்கெட் காய்ந்தால் விளிம்பில் வெள்ளையாகப் படியும். பத்தே நாளில் எவர்சில்வர் டம்ளர் எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. மெஷினே கெட்டுவிட்டது என்று பயந்தோம். சர்வீஸுக்கு வந்த தம்பி ஒரு பட்டையைத் தண்ணீரில் நனைத்து, அது மாறிய நிறத்தைக் காட்டினார். தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்பு, கடின நீர் என்கிறார்கள். அந்தச் சுண்ணாம்பை நீக்கத்தான் மெஷினில் உப்பு போடுகிறோம். எங்கள் மெஷினிலோ உப்பு அளவுக்கான செட்டிங் வந்தபடியே குறைவாக இருந்தது. அதைக் கூட்டி வைத்தார், நான்கைந்து தடவை ஓடியதும் டம்ளர் தெளிந்தது. உப்பு போடும் அறை இல்லாத மாடலை நம் பக்கம் யாரும் வாங்காதீர்கள்.

வேதாரண்யத்திலிருந்து:
அந்த உப்பில்தான் நான் ஏமாந்தேன். உப்பளம் இருக்கும் ஊரில் உப்பைக் காசு கொடுத்து வாங்குவதா என்று வீட்டுக் கல் உப்பையே கொட்டினேன். கடல் உப்பில் கால்சியமும் மெக்னீசியமும் கலந்திருக்கும். தண்ணீரிலிருந்து எதை நீக்க உப்பு போடுகிறோமோ அதையே உள்ளே அனுப்பியிருக்கிறேன்! தூள் உப்பும் கூடாது, கட்டிபிடித்து அடைத்துக்கொள்ளும். டிஷ்வாஷருக்கென்று விற்கும் சுத்தமான உப்புதான் போட வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: மெஷின் சுண்ணாம்பைப் பிடிக்குமே தவிர, தண்ணீரின் உப்புக்கரிப்பை எடுக்காது. இப்போது நாங்கள் குடிநீர்க் குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றித்தான் ஓட்டுகிறோம். முழுதாக அடுக்கினால் ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர்தான் செலவாகிறது.

திருவையாற்றிலிருந்து:
கடைக்கு இஞ்ச் டேப்போடு போங்கள். வீட்டிலேயே பெரிய குக்கரையும் வாணலியையும் அளந்து குறித்துக்கொண்டு, மேல்தட்டைத் தூக்கி வைத்தால் கீழே அவை நிற்குமா என்று பாருங்கள். 70 டிகிரி சூட்டில் கழுவும் வசதி கட்டாயம் வேண்டும், அடிப்பிடித்த சாம்பார் அப்போதுதான் விடுகிறது. இரும்பு தோசைக்கல், மரக்கரண்டி, அலுமினியம், பித்தளை எதையும் உள்ளே வைக்காதீர்கள். ரசம் வைக்கும் ஈயச் சொம்பையும்தான். என் மாமியாரின் சொம்பு ஒரே நாளில் கருத்துவிட்டது, இன்னும் மனசு ஆறவில்லை. அப்புறம், தண்ணீரைச் சூடாக்கவே நிறைய மின்சாரம் இழுக்கும், சாதாரண இன்வெர்ட்டரில் ஓட்ட முடியாது.

கும்பகோணத்திலிருந்து:
நல்லவேளை சொன்னீர்கள். எங்கள் ஈயச் சொம்பைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். அதை மட்டும் அம்மா சிங்க் முன்னால் நின்றுகொண்டே கையால் கழுவிக்கொள்கிறார்.