பெண்ணியப் பார்வையில் படம் பார்த்தபோது நடந்தவை: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

ஒரு படத்தில் பெண்களைக் காட்டிய விதம் பற்றி வாய் திறந்தாலே பேச்சின் தொனி மாறிவிடுகிறது. உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

காதல் படம் ஒன்றுக்கு விமர்சனம் எழுதியிருந்தேன். முதல் பாதி முழுக்க நாயகன் நாயகியைப் பின்தொடர்வதுதான் கதை. “படத்தைப் படமா பாருங்க” என்று பதில்கள் குவிந்தன. அதனால் ஒரே ஒரு காட்சியை எடுத்து, ஷாட் ஷாட்டாக எழுதினேன். அவள் “எனக்கு விருப்பமில்லை” என்கிறாள். வசனம் முடிவதற்குள் கேமரா அவள் முகத்தை விட்டு அவன் சிரிப்புக்குப் போய்விடுகிறது. அடுத்து நண்பனின் கிண்டல், உடனே பாட்டு. மறுத்த பிறகு அவள் முகம் எப்படி இருந்தது என்பது படத்தில் எங்குமே இல்லை. என்னைத் திட்டியவர்களில் ஒருவரே திரும்ப வந்து, “நானும் தேடினேன், அந்த முகம் இல்லைதான்” என்று எழுதினார். காட்சியை வைத்துப் பேசினால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது.

*

அக்கா, நான் எடிட்டிங் வேலையில் இருக்கிறேன். நீங்கள் சொன்னது எங்கள் மேசையில் தினமும் நடப்பது.

பிரிட்டிஷ் திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975-இல் ‘ஸ்கிரீன்’ என்ற திரைப்பட ஆய்விதழில் எழுதிய கட்டுரையைப் பற்றி ஒரு பயிற்சி வகுப்பில் பேசினேன். கேமராவும் நாயகனும் பார்வையாளரும் ஒரே கண்ணால் பெண்ணைப் பார்க்கும்படி ஹாலிவுட் படங்கள் கட்டப்பட்டிருக்கின்றன என்பது அவர் வாதம். உடனே ஒருவர் கேட்டார்: “நாயகன் அறிமுகத்திலும் கால், கை, கழுத்து என்று துண்டு துண்டாகத்தானே காட்டுகிறோம்?” நல்ல கேள்வி. நாயகனுடையது, நாயகியுடையது என இரண்டு அறிமுகக் காட்சிகளை எடிட்டிங் டைம்லைனில் மேலும் கீழுமாகப் போட்டு, ஒலியை நிறுத்தி ஓட்டிப் பார்த்தோம். அவன் கால் கதவை உதைக்கிறது, கை ஒருவனின் சட்டையைப் பிடிக்கிறது, கழுத்து திரும்பி எதிரியைத் தேடுகிறது. அவளுடைய இடுப்பும் முதுகும் கூந்தலும் எதையும் செய்வதில்லை. அப்புறம் இன்னொன்றும் கண்ணில் பட்டது: அவளுடைய ஸ்லோ மோஷனுக்கு முன்னும் பின்னும் அவன் கண்கள். யார் பார்க்கிறார்கள் என்பதை அந்த இரண்டு வெட்டுகளே சொல்லிவிடுகின்றன. அன்றிலிருந்து எந்த அறிமுகக் காட்சியையும் ஒருமுறை ஒலியில்லாமல் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

*

படத்தில் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா என்று பார்க்கும் பெக்டெல் சோதனையை மதிப்பெண் போலப் பயன்படுத்துவது எனக்கு வருத்தம். திரையிடலுக்குப் பிறகு நடந்த ஒரு கலந்துரையாடலில், “தேறிவிட்டது, அதனால் பெண்ணியப் படம்” என்று ஒருவர் முடித்துவிட்டார். இந்தச் சோதனை 1985-இல் அமெரிக்கச் சித்திரக் கலைஞர் அலிசன் பெக்டெல் வரைந்த சித்திரத் தொடரில் ஒரு பாத்திரம் சொல்லும் விதி. யோசனை தோழி லிஸ் வாலஸுடையது என்று அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், பேசிக்கொள்ள வேண்டும், பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். தனியொரு பெண்ணைச் சுற்றியே நகரும் அருமையான படம் இதில் தோற்கும். ஓர் ஆண்டில் வந்த படங்களை மொத்தமாக எடுத்து, எத்தனை தேறவில்லை என்று பார்க்க இது நல்ல கருவி.

*

நான் அம்மாவோடு பார்த்த படத்தைச் சொல்கிறேன். பெல்ஜிய இயக்குநர் ஷான்டல் அக்கர்மன் 1975-இல் எடுத்த ‘ஷான் டீல்மன்’. 201 நிமிடம். ஒரு விதவையின் மூன்று நாள். கேமரா அசையாது, குளோஸ் அப் கிடையாது. அவள் பாத்திரம் துலக்குவதை முழுக்கப் பார்த்தாக வேண்டும். 2022-இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழ் எல்லாக் காலத்துக்கும் சிறந்த படங்களுக்காக நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் இது முதலிடம் பிடித்தது. ஒரு பெண் இயக்குநரின் படம் அங்கே முதலிடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை.

அம்மா பாதியில் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். இரண்டாம் நாளில் உருளைக்கிழங்கு அதிகமாக வெந்து வீணாகி, அந்தப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் வீட்டுக்குள் அலையும்போது, “இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு, இவ அடுப்பை மறக்கிற ஆளே இல்ல” என்றார் அம்மா. கொஞ்ச நேரத்தில், “பணம் போடுற பாத்திரத்தை மூடலை, பாரு” என்றார். நான் எங்கெங்கோ படித்துத் தெரிந்துகொண்ட, அவளுடைய அன்றாட ஒழுங்கின் முறிவை அவர் அடுப்பை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். என் விமர்சனத்தின் பாதி அம்மா சொன்னதுதான். அப்படியே அவர் பெயரில் போட்டேன்.

*

மேலே எழுதிய தோழிக்கு நன்றி. வீட்டு வேலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பெண்களின் படம் என்று எல்லோரும் கொண்டாடிய ஒன்றை நானும் பாராட்டி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு பெண் கேட்டது: “நாயகி வேலைக்குப் போய்ச் சாதிக்கிறாள், சரி. அவள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற பெண்ணுக்குப் பெயர் உண்டா?” திரும்பப் பார்த்தேன். பெயர் இல்லை. நான்கு காட்சிகளில் வருகிறாள், ஒன்றில்கூட முகம் முழுதாகத் தெரியவில்லை. கறுப்பினப் பெண்கள் ஹாலிவுட் படங்களில் தங்களை எங்கே வைத்துப் பார்ப்பது என்று அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹுக்ஸ் 1992-இல் எழுதியதும் இதே கேள்விதான்: எந்தப் பெண்ணுக்காக இந்தப் படம்?

அந்தப் பெண்ணின் கேள்வியையும் அந்த நான்கு காட்சிகளையும் சேர்த்து இரண்டாவதாக ஒரு விமர்சனம் எழுதினேன். முதல் விமர்சனத்தை நீக்கவில்லை. நாயகியைப் பற்றி அதில் சொன்னது இன்றும் என் கருத்துதான்.