முன்பே நிறுவப்பட்டு வந்த செயலிகளை நீக்க வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய ஆண்ட்ராய்டு 13 திறன்பேசியில் வாங்கும்போதே நிறுவப்பட்டிருந்த சில விளையாட்டுகள், ஒரு செய்தித் திரட்டி, இரண்டாவது பிரவுசர் ஆகியவற்றை நான் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. ஆயினும் அவை ஓயாமல் அறிவிப்புகளை அனுப்புவதுடன், 64 ஜிபி சேமிப்பகத்திலும் இடம்பிடித்துக்கொண்டிருக்கின்றன.

விளையாட்டுகளை வழக்கமான முறையிலேயே நீக்கிவிட்டேன். பிரவுசருக்கு ‘முடக்கு’ என்ற பொத்தான் மட்டுமே இருக்கிறது. செய்தித் திரட்டிக்கோ அந்தப் பொத்தானும் மங்கலாகத் தெரிகிறது, அழுத்தினால் எதுவும் நிகழ்வதில்லை. முடக்கினாலும் மூலச் செயலி சிஸ்டம் பகுதியிலேயே தங்கிவிடும் என்பதை அறிவேன். அறிவிப்புகள் நின்றால் போதும் என்ற நிலைக்கு இப்போது வந்துவிட்டேன்.

டெவலப்பர் விருப்பங்களில் யூஎஸ்பி பிழைத்திருத்தத்தை இயக்கி, திறன்பேசியைக் கணினியுடன் இணைத்து, ஏடிபி (கணினியிலிருந்து திறன்பேசிக்குக் கட்டளையிட உதவும் மென்பொருள்) கட்டளையின் மூலம் நடப்புப் பயனருக்கு மட்டும் ஒரு செயலியை நீக்கலாம் என்றும், அதற்கு ரூட் செய்யத் (சிஸ்டத்தின் முழு அனுமதியையும் பெறத்) தேவையில்லை என்றும் படித்தேன். ஃபேக்டரி ரீசெட் செய்தால் நீக்கிய செயலி திரும்பிவிடும் என்பது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. பேக்கேஜ் பெயர்களை (சிஸ்டம் ஒவ்வொரு செயலிக்கும் பயன்படுத்தும் உட்பெயர்களை) பார்த்து எது எந்த வேலைக்குரியது என்று ஊகிக்க முடியாததால், தேவையான ஒன்றை நீக்கிவிட்டுத் திறன்பேசியே இயங்காமல் போய்விடுமோ என்பதுதான் என் அச்சம்.

இம்முறையைக் கையாண்டவர்கள், எவ்வகைப் பேக்கேஜ்களைத் தொடவே கூடாது என்பதையும், நீக்கியதை ரீசெட் செய்யாமலே மீட்கும் கட்டளையையும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.