புழுங்கல் அரிசி ஏன் குழையறதில்ல?

கேள்வி: பச்சரிசி ரெண்டு விசில்லயே குழைஞ்சிடுது, புழுங்கல் நாலு விசில் விட்டாலும் உதிரியா நிக்குதே, நெல்ல அவிச்சா உள்ள என்னதாங்க ஆகுது?

பதில் 1: ஊறின நெல்ல ஆவில வெச்சதும் 70 டிகிரி கிட்ட ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து, தண்ணி குடிச்சு உப்பி வெந்துடும், அப்புறம் களத்துல காயறப்ப அதுல இருக்கற அமைலோஸ்ங்கற ஸ்டார்ச் வகை மறுபடி இறுகிக்கும், அதான் திரும்ப வேக லேட்டாகுது, கஞ்சியும் கம்மியா பிரியுது. தவிட்டுல இருக்கற வைட்டமின் பி1 கொஞ்சம் அரிசிக்குள்ள இறங்கிடும், அது போனஸ்.

பதில் 2: எங்க அம்மாச்சி அண்டாவுல நெல்லு லேசா வாய் வெடிச்சதும் இறக்கிடுவாங்க. அரிசி நடுவுல வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா வேக்காடு பத்தலன்னு திட்டு விழும் 😄

கேட்டவர்: அப்ப இடியாப்ப மாவ அவிக்கறதும் இதேதானா?

பதில் 1: பாதிதான். மாவுல ஈரம் கம்மி, முழுசா வேகாது, மிச்சத்த கொதிக்கற தண்ணி ஊத்தி பிசையறப்பவும் இட்லித் தட்டுலயும் பாத்துக்கலாம்.