சுக்காய் பிந்து (வீட்டு வரி) 72 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 168 ஆகிவிட்டது, பந்தாஹான் (ஆட்சேப) கடிதம் எப்படி எழுதுவது? அவசரம்

லயத்து மகள்:
வணக்கம். அம்மா வீட்டுக்கு மஜ்லிஸிலிருந்து (ஊராட்சி மன்றம்) நோட்டீஸ் வந்திருக்கிறது. சுக்காய் பிந்து 72 வெள்ளி கட்டிக்கொண்டிருந்தோம், இனி 168 ஆகுமாம். ஆட்சேபம் இருந்தால் பந்தாஹான் செய்யலாம் என்று போட்டிருக்கிறது, அதற்கு அடுத்த வாரம் கடைசி நாள். எங்கள் தாமான் (குடியிருப்பு) ரோடு முழுக்கக் குழி. கால்வாய் அடைத்துக்கொண்டு மழைத் தண்ணீர் வாசல் வரை வருகிறது. குப்பை லோரி ஒரு வாரம் வந்தால் மறு வாரம் வராது. அம்மா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், வருமானம் கிடையாது. இதையெல்லாம் எழுதி, எங்களால் கட்ட முடியாது என்று கொடுக்கப் போகிறேன். மலாயில் மாதிரிக் கடிதம் யாரிடமாவது இருந்தால் போடுங்கள். ரொம்ப உதவியாக இருக்கும்.

கூலிம்காரன்:
எந்த மாநிலம் என்று சொல்லவே இல்லையே. 168 வருடத்துக்கா, ஆறு மாதத்துக்கா? வீடு யார் பெயரில் இருக்கிறது?

ஈப்போ டீக்கடை:
பின்பக்கம் கிச்சன் இழுத்துக் கட்டினீர்களா? என் அனுபவத்தில் பத்தில் ஒன்பது வீட்டுக்கு அதுதான் காரணம். பிளான் போடாமல் கட்டியதை ஆள் வந்து படம் பிடித்துப் போயிருப்பார்கள்.

செம்பனை நிழல்:
ஒரு காசும் கட்டாதீர்கள். ஊரே சேர்ந்து கட்டாமல் இருந்தால் அவர்களால் என்ன செய்ய முடியும்? ரோடு போட்டுவிட்டு வந்து கேளுங்கள் என்று சொல்லுங்கள்.

பழைய கிராணி:
நோட்டீஸை முழுதாகப் படிக்காமல் இங்கே வந்து மாதிரிக் கடிதம் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. முப்பது வருடம் தோட்ட ஆபீசில் இந்தக் காகிதங்களைப் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். அந்தத் தாளில் 'நிலாய் தாஹுனான்' (ஆண்டு மதிப்பு) என்று பழையது ஒன்று, புதியது ஒன்று, இரண்டு எண்கள் இருக்கும். பக்கத்தில் 'காடார்' (வரி வீதம்) என்று ஒரு விழுக்காடும் இருக்கும். அந்த மூன்று எண்ணும் இல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது. நோட்டீஸ் ஊராட்சிச் சட்டத்தின் 141ஆவது பிரிவின் கீழ் (புதிய மதிப்புப் பட்டியல்) வந்ததா, 144ஆவது பிரிவின் கீழ் (இருக்கும் பட்டியலில் திருத்தம்) வந்ததா என்றும் பார்.

செம்பனை நிழலுக்கு: கட்டாவிட்டால் என்ன செய்ய முடியும் என்கிறீர்கள். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தில் பாக்கிக்கு வாரண்ட் எடுத்து வீட்டுச் சாமான்களைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் இருக்கிறது. ஓய்வு பெற்ற ஒரு அம்மாவை அந்த நிலைமைக்குத் தள்ளிவிடாதீர்கள்.

லயத்து மகள்:
மன்னிக்கவும், வேலை நேரத்தில் எழுதினேன். பேராக். 168 ஆறு மாதத்துக்கு. பழைய நிலாய் தாஹுனான் 1,800, புதியது 4,200. காடார் 8 விழுக்காடு. 141 என்றுதான் போட்டிருக்கிறது. பில் இன்னும் அப்பா பெயரில்தான் வருகிறது, அப்பா தவறிவிட்டார். தோட்டம் பிரிந்தபோது வாங்கிய லோ காஸ்ட் வீடு. கிச்சன் இழுக்கவில்லை, முன்னால் ஸிங்க் கூரை மட்டும்.

கூலிம்காரன்:
சரி, இப்போது புரிகிறது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 4,200இல் 8 விழுக்காடு 336, அதில் பாதி 168. பழைய கணக்கிலும் அதே 8 விழுக்காடு: 1,800க்கு 144, பாதி 72. அதாவது வரி விழுக்காட்டை அவர்கள் தொடவே இல்லை, வீட்டின் மதிப்பைத்தான் மாற்றியிருக்கிறார்கள்.

நிலாய் தாஹுனான் என்பது அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்கிற மதிப்பீடு. பழுது பார்க்கும் செலவு, காப்புறுதி, வரி எல்லாம் வீட்டுக்காரர் தலையில் என்று வைத்துக்கொண்டு போடுகிற கணக்கு. 4,200ஐ 12ஆல் வகுத்தால் 350. உங்கள் வீட்டுக்கு மாதம் 350 வெள்ளி வாடகை வரும் என்கிறார்கள். நீங்கள் மறுக்க வேண்டியது அந்த 350ஐத்தான். உங்கள் தாமானில் அதே மாதிரி வீடு என்ன வாடகைக்குப் போகிறது?

பழைய கிராணி:
இதையே நான் சொல்ல வந்தேன். ஆட்சேபத்துக்கு 142ஆவது பிரிவில் காரணங்கள் எழுதியே இருக்கின்றன. மதிப்பு கூடுதலாகப் போடப்பட்டது, வரி போடக் கூடாத சொத்துக்கு மதிப்புப் போட்டது, பட்டியலில் விட்டுப்போனது, குறைவாகப் போட்டது, சேர்த்துப் போட வேண்டியதைப் பிரித்தோ பிரிக்க வேண்டியதைச் சேர்த்தோ போட்டது. அவ்வளவுதான். ரோட்டில் குழி, கால்வாய் அடைப்பு, வருமானம் இல்லை, இவை எதுவும் அந்தப் பட்டியலில் கிடையாது. அதை மட்டும் நம்பி நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு தள்ளுபடி செய்வார்கள்.

தைப்பிங் மழை:
கிராணி அண்ணே, அந்தப் பிள்ளை சட்டம் படித்து வரவில்லை, வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று வந்திருக்கிறாள். கொஞ்சம் மெதுவாகச் சொன்னால் என்ன?

தங்கச்சி, தண்ணீர் வருவதையும் எழுதலாம், எழுதும் விதம்தான் வேறு. "கால்வாயைச் சரி செய்யவில்லை, அதனால் கட்ட மாட்டோம்" என்று எழுதக் கூடாது. "மழை பெய்தால் வாசல் வரை தண்ணீர் ஏறும் வீட்டுக்கு மாதம் 350 வெள்ளி யாரும் கொடுக்க மாட்டார்கள்" என்று எழுத வேண்டும். அப்போது அதே குறை மதிப்பைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. தண்ணீர் நிற்கும்போது எடுத்த படங்கள் இருந்தால் சேர்த்துக் கொடுங்கள்.

லயத்து மகள்:
இரண்டு லோரோங் (சந்து) தள்ளி ஒரு வீடு 250க்கு வாடகைக்குப் போயிருக்கிறது. வீட்டுக்கார அக்காவைத் தெரியும், கேட்டால் ஒப்பந்தத்தின் நகல் தருவார். அப்பா பெயரில் இருப்பது பிரச்சினை ஆகுமா? அம்மா கையெழுத்துப் போடலாமா?

கூலிம்காரன்:
250 என்றால் வருடத்துக்கு 3,000. அதில் 8 விழுக்காடு 240, ஆறு மாதத்துக்கு 120. 72க்குத் திரும்ப வேண்டும் என்று கேட்காதீர்கள். 150 வெள்ளி வாடகைக்கு இப்போது எங்கே வீடு கிடைக்கிறது? விசாரணையில் நம் பேச்சு எடுபடாமல் போகும். 3,000 என்று ஓர் எண்ணை முன்வைத்து, அதற்குச் சான்றாக ஒப்பந்த நகலைக் கொடுங்கள். இன்னும் ஒன்றிரண்டு வீடுகளின் வாடகை கிடைத்தால் பலம்.

பெயர் விஷயம்: சட்டத்தில் 'பாதிக்கப்பட்டவர் எவரும்' ஆட்சேபிக்கலாம் என்றுதான் இருக்கிறது. அம்மா அங்கேயே குடியிருப்பவர், கையெழுத்துப் போடலாம். அப்பாவின் மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், அம்மாவின் ஐசி (அடையாள அட்டை) நகல்களை இணைத்துவிடுங்கள். பெயர் மாற்றுவது தனி வேலை. நில அலுவலகத்தில் சிறு சொத்துப் பகிர்வுக்குப் போராங் ஏ (ஏ படிவம்) கொடுத்துத் தொடங்க வேண்டும். அதற்காக இதை நிறுத்தி வைக்காதீர்கள்.

பழைய கிராணி:
தேதியைப் பற்றி யாரும் பேசவில்லை. பட்டியலைத் திருத்த அவர்கள் குறித்திருக்கும் நாளுக்குக் குறைந்தது 14 நாளைக்கு முன்னால் எழுத்து மூலமான ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும். தபாலில் போடாதே. கவுண்டரில் கொடுத்து, உன் நகலில் தேதியோடு முத்திரை வாங்கு. இந்தக் கட்டத்தில் ஆட்சேபிக்காதவர் பிறகு உயர் நீதிமன்றத்துக்கும் போக முடியாது. ஏனென்றால் மேல்முறையீடு 145ஆவது பிரிவில் முதலில் ஆட்சேபித்தவருக்கு மட்டும்தான்.

செம்பனை நிழல்:
குப்பைக்கு எதற்கு மஜ்லிஸைத் திட்டுகிறீர்கள்? அதை எஸ்.டபிள்யூ.கார்ப் (கூட்டரசின் திடக்கழிவு நிறுவனம்) அல்லவா பார்க்கிறது. அங்கே புகார் கொடுங்கள்.

தைப்பிங் மழை:
பேராக்கில் இல்லை. திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது கெடா, ஜொகூர், பஹாங் போன்ற மாநிலங்கள்தான் சேர்ந்தன. பேராக், சிலாங்கூர், பினாங்கு சேரவில்லை. இங்கே குப்பை இன்னும் மஜ்லிஸ் பொறுப்புதான், நாம் கட்டும் வரிப் பணத்தில்தான்.

ரோட்டைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். தாமான் கட்டிய நிறுவனம் ரோட்டை மஜ்லிஸிடம் ஒப்படைத்துவிட்டதா? தோட்ட நிலத்தில் எழுந்த பல தாமான்களில் இதுதான் சிக்கல். ரோடு மஜ்லிஸ் கைக்கு வந்து மாரிஸ் என்கிற சாலைப் பதிவேட்டில் ஏறினால்தான் அதன் பராமரிப்புக்குக் கூட்டரசு மானியம் வரும். பதிவு இல்லாத ரோடு, தோட்டத்து ரோடாக இருந்தால் தனியார் சொத்து. எங்கள் பக்கத்தில் பல வருடம் எழுதிப் போட்டும் நடக்காத வேலை, ரோட்டைப் பதிவு செய்த பிறகுதான் நடந்தது. உங்கள் லோரோங்கின் பெயர் மாரிஸில் இருக்கிறதா என்று மஜ்லிஸின் பொறியியல் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள்.

ஈப்போ டீக்கடை:
இவ்வளவு சுற்றுவது எதனால்? கவுன்சிலரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அதுதான் வேர். 1957இல் ஜார்ஜ்டவுன் மாநகரத்தின் முதல் மேயர் டி. எஸ். ராமநாதன், ஒரு தமிழர். எங்கள் ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் கட்சி நகராண்மைக் கழகத்தை நடத்திய காலம் என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவனிடம் கால்வாயைக் காட்டலாம். நியமனத்தில் வருகிறவனிடம் எதைக் காட்டுவது?

பழைய கிராணி:
கதையைப் பாதியில் நிறுத்தாதே. 1965இல் இந்தோனேசிய மோதல் காலத்தில் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். அதே காலத்தில் சில மன்றங்களில் முறைகேடு என்று புகார் வந்துதான் அரச விசாரணை ஆணையமே அமைந்தது. தேர்ந்தெடுத்த மன்றம் என்றால் எல்லாம் சுத்தம் என்று நினைக்காதே.

ஈப்போ டீக்கடை:
அந்த ஆணையத்துக்குத் தலைவர் யார்? செனட்டர் ஆதி நாகப்பன். புகார்களையெல்லாம் விசாரித்த பிறகும் அவருடைய ஆணையம் என்ன பரிந்துரைத்தது? தேர்தல் வேண்டும் என்றுதான். அரசாங்கம் அதை ஏற்கவில்லை, 1976 சட்டத்தில் கதவையே சாத்திவிட்டார்கள். ஒரு தமிழர் தலைமையில் எழுதிய அறிக்கை. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கூலிம்காரன்:
பினாங்கு 2012இல் மாநிலச் சட்டம் போட்டுத் தேர்தலைக் கொண்டுவரப் பார்த்தது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாடாளுமன்றத்தில்தான் மாற வேண்டும். ஆனால் தங்கச்சிக்கு அடுத்த வாரம் கடைசி நாள். தேர்தல் வரும் வரை அவரால் காத்திருக்க முடியாது.

பத்து காவான் அக்கா:
தேர்தல் இல்லாவிட்டாலும் உள்ளே போக ஒரு வழி இருக்கிறது, நம் ஆட்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லை. மஜ்லிஸின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. 23ஆவது பிரிவு. அந்தக் கூட்டமே தீர்மானம் போட்டு மூடினால் தவிர யாரும் போய் உட்காரலாம். செயற்குழுக் கூட்டங்களுக்கு அந்த உரிமை இல்லை. அடுத்த வருட பட்ஜெட்டைத் தனிக் கூட்டத்தில் நிறைவேற்றி மாநில அரசின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும் என்பதும் சட்டம். அந்தக் கூட்டத்துக்கு முன்பே உங்கள் கால்வாயை எழுதிக் கொடுக்க வேண்டும். நிறைவேறிய பிறகு கொடுத்தால் 'பெருந்துக்கான் தியாடா' என்று பதில் வரும், ஒதுக்கீடு இல்லையாம்.

இங்கே பினாங்கில் 2012இல் அடுக்குமாடி வீடுகளில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பெண்கள், ஆண்கள், முதியவர்கள், பிள்ளைகள் எல்லாரையும் தனித்தனியாகக் கேட்டு, எதற்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்று குடியிருப்பவர்களையே ஓட்டுப் போட வைத்தார்கள். வீட்டைப் பார்க்கிற பெண்களுக்குத்தான் எந்தக் கால்வாய் எப்போது நிரம்பும் என்று தெரியும். தங்கச்சி, உங்கள் லோரோங் பெண்களை முதலில் கூட்டுங்கள். பந்தாஹான் அம்மாவுக்காக. இது ஊருக்காக. இரண்டையும் ஒரே கடிதத்தில் போடாதீர்கள்.

செம்பனை நிழல்:
போய் உட்கார்ந்தால் கவுண்டரில் நம்மை மதிப்பார்களா? நான் போனபோது காவலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

பத்து காவான் அக்கா:
அண்ணே, முன்கூட்டியே செயலாளருக்குக் கடிதம் எழுதி, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். தனியாகப் போகாதீர்கள், ஐந்தாறு பேராகப் போங்கள்.

தைப்பிங் மழை:
மாதிரிக் கடிதம் இன்னும் யாரும் போடவில்லை. அந்தப் பிள்ளை முதலில் கேட்டதே அதுதான். மலாயில் எழுதும்போது வரிசை இப்படி இருக்கட்டும்: சொத்துக் கணக்கு எண், முகவரி, உரிமையாளர் பெயர், கையெழுத்திடுபவர் உறவு. அடுத்த பத்தியில் 142ஆவது பிரிவின் கீழ், மதிப்பு கூடுதலாக இருக்கிறது என்ற காரணத்தால் ஆட்சேபம். அப்புறம் நம் எண், 3,000. அதற்கு ஆதாரம், ஒப்பந்த நகல், வெள்ளப் படங்கள். கடைசியில் விசாரணைக்கு நேரில் வர விரும்புகிறோம் என்று ஒரு வரி. ஒரு பக்கம் போதும். மஜ்லிஸ் தனிப் போராங் வைத்திருந்தால் அதை நிரப்பி இந்தக் கடிதத்தைப் பின்னால் இணைத்துவிடுங்கள். விசாரணை முடியும் வரை வருகிற பில்லைப் பாக்கி வைக்காமல் கட்டுங்கள்.

லயத்து மகள்:
கொடுத்துவிட்டோம். முத்திரை வாங்கியாச்சு. வாடகை ஒப்பந்தம் இரண்டு வீட்டுக்குக் கிடைத்தது, 250, 280. அம்மாவே கவுண்டரில் பேசினார். எங்கள் வரிசையில் இன்னும் சில பேர் அதே கடிதத்தை மாற்றி எழுதிக் கொடுக்கிறார்கள். ரோடு மாரிஸில் இல்லை என்று பொறியியல் பிரிவில் வாய்ச்சொல்லாகச் சொன்னார்கள், எழுத்தில் கேட்டிருக்கிறேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

பழைய கிராணி:
விசாரணைக்குப் போகும்போது மூல ஒப்பந்தங்களைக் கொண்டு போ. நகல் மட்டும் வைத்துக்கொண்டு நிற்காதே. அம்மாவைப் பேச விடு, நீ இடையில் பேசாதே.

குளுவாங் ரப்பர்:
இந்த இழையைப் பார்த்துத்தான் எங்கள் நோட்டீஸை எடுத்துப் படித்தேன். ஜொகூர். நிலாய் என்று ஒரு லட்சத்துக்கு மேல் போட்டிருக்கிறது! எங்கள் வீட்டுக்கு வருடம் லட்சம் வெள்ளி வாடகையா? தவறாக அடித்துவிட்டார்களா?

கூலிம்காரன்:
தவறில்லை. ஜொகூரில் மட்டும் கணக்கு வேறு, வாடகை மதிப்பு அல்ல, 'நிலாய் தம்பாஹான்'. வீடும் நிலமும் சேர்ந்து விற்றால் என்ன விலை என்பதை வைத்துப் போடுகிறார்கள். அதனால்தான் விழுக்காடு ரொம்பச் சின்னதாக இருக்கும். சட்டத்தின் உச்சவரம்பே வாடகை முறைக்கு 35 விழுக்காடு, உங்கள் முறைக்கு 5. நீங்கள் ஆட்சேபித்தால் வாடகை ஒப்பந்தம் உதவாது, பக்கத்து வீடுகள் என்ன விலைக்குக் கைமாறின என்று தேட வேண்டும். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, காடார், கடைசி நாள், நான்கையும் இங்கே போடுங்கள்.